பாதநோயும் நோய்முதலும்: மதுரைக்கால் நோயின் காரணம் காணப்பட்ட வரலாறு

முன்னுரை

ஒரு நோய்க்குப் பெயரிடுதல் வேறு. அந்நோயின் முதலைக் காணுதல் வேறு. திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் நோயையும், நோய்க்குரிய முதலையும், அதனைத் தணிக்கும் வழியையும் மூன்று தனிப் படிகளாக வைத்துக் காட்டுகிறது. முதற்படியில் கண்டது இரண்டாம் படியில் தவறுமாயின், மூன்றாம் படி நோயாளிக்குக் கேடாய் முடியும். பாதத்திலும் கணுக்காலிலும் தோன்றும் நோய்களுக்கு இவ்வுண்மை மிகவும் பொருந்தும். உடலின் எடை முழுவதையும் தாங்கும் பாதம், மண்ணையும் முள்ளையும் கல்லையும் நேரே சந்திக்கும் உறுப்பாகும். அங்குத் தோன்றும் வீக்கமும் வலியும் சுளுக்காலும் வரலாம். எலும்பு முறிவாலும், மூட்டில் யூரிக் அமிலப் படிகங்கள் சேர்வதாலும், காசநோயாலும், தொழுநோயின் நரம்புத் தேய்வாலும் வரலாம். புறத்தோற்றம் ஒன்றாகவும் முதல் வேறாகவும் இருத்தலே பாதநோய் ஆய்வின் அடிப்படைச் சிக்கலாகும்.

இச்சிக்கலுக்கு மிகச் சிறந்த வரலாற்றுச் சான்றாக நிற்பது, உலக மருத்துவ நூல்களில் மதுரையின் பெயரால் வழங்கிவரும் ஒரு பாதநோய். 'மதுரா ஃபுட்' என ஆங்கிலேய மருத்துவர்கள் எழுதிய இந்நோய், இக்கட்டுரையில் 'மதுரைக்கால் நோய்' எனச் சுட்டப்பெறுகிறது. அறிவியல் வழக்கில் இதன் பெயர் 'மைசெட்டோமா'. இந்நோய்க்குக் காலந்தோறும் வழங்கிய பெயர்களை வரிசைப்படுத்திப் பார்த்தால், காரணம் காணும் முயற்சி கடந்துவந்த படிகள் அப்பெயர்களிலேயே பதிந்திருப்பது புலனாகும். தோற்றத்தால் ஒரு பெயர், இடத்தால் ஒரு பெயர், காரணத்தால் ஒரு பெயர் என அவை அமைகின்றன. இக்கருத்தை நிறுவுவதும், அதனால் பெறப்படும் பயனைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

நோயின் இயல்பு

வரலாற்றுக்குள் புகுமுன் நோயின் இயல்பைச் சுருக்கமாகக் காண்பது தேவையாகிறது. மண்ணிலும் முட்செடிகளிலும் வாழும் சில நுண்ணுயிர்கள், முள் குத்திய புண் வழியாகவோ சிறு காயத்தின் வழியாகவோ தோலுக்கு அடியில் புகுகின்றன. திங்கள்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்து, அவ்விடத்தில் கடினமான சிறு கட்டி தோன்றுகிறது. கட்டி மெல்லப் பரந்து பாதத்தை வீங்கச் செய்கிறது. பின்னர்த் தோலில் பல துளைகள் திறக்கின்றன. அத்துளைகளின் வழியே சீழோடு நுண்ணிய குருணைகள் வெளிவருகின்றன. வீக்கம், புரைவழிகள், குருணைகள் ஆகிய மூன்றும் ஒருங்கே அமைவதே இந்நோயின் அடையாளம். நோய் முற்றினால் பாதத்தின் எலும்புகளும் அரிக்கப்படுகின்றன.

இந்நோயின் தொடக்க நிலையில் வலி பெரும்பாலும் இருப்பதில்லை. எலும்பு அரிக்கப்படும்போதும், வேறு கிருமிகள் புண்ணில் சேரும்போதும்தான் வலி மிகுகிறது. குதிகாலில் சவ்வு அழற்சி கண்டவர் வீக்கமின்றியே வலியால் துடிக்கிறார். மதுரைக்கால் நோய் கண்டவரோ வீக்கத்தோடு வலியின்றி வயலுக்குச் செல்கிறார். வலியைக் கொண்டே நோயை அளக்கும் வழக்கமுடைய மக்களிடையே, வலியின்மை மருத்துவரை நாடும் காலத்தைத் தள்ளிப்போடுகிறது. வெறுங்காலுடன் உழைக்கும் உழவர், ஆயர், விறகு சேர்ப்போர் ஆகியோரையே இந்நோய் மிகுதியும் பற்றுகிறது என்பதையும் இங்கு இணைத்து நோக்க வேண்டும். நாட்கூலியை இழந்து மருத்துவமனைக்குச் செல்ல அவர்களைத் தூண்டும் வலி, தூண்ட வேண்டிய காலத்தில் இல்லை.

தோற்றத்தால் பெயர்: வல்மீகமும் பெருங்காலும்

பழைய மருத்துவ நூல்களில் இந்நோயை ஒத்த வருணனை காணப்படுகிறது. சுசுருத சங்கிதையின் நிதானப் பகுதியில், சிறுநோய்களின் வரிசையில் 'வல்மீகம்' என்னும் நோய் கூறப்பட்டுள்ளது. உள்ளங்கை, உள்ளங்கால், மூட்டுகள், கழுத்து ஆகிய இடங்களில் கறையான் புற்றுப்போல் மெல்ல உயர்ந்து, பல வாய்களின் வழியே நீர் கசியும் நோயாக அந்நூல் அதனைக் காட்டுகிறது. 'வல்மீகம்' என்பதற்குப் புற்று என்பது பொருள். பிற்கால மருத்துவ எழுத்தாளர்கள் இதனைப் 'பாதவல்மீகம்' என்று சுட்டி, மதுரைக்கால் நோயுடன் இணைத்தனர்.

இவ்விணைப்பை ஏற்பதில் ஓர் எச்சரிக்கை தேவை. அதர்வவேதத்திலேயே இந்நோய் கூறப்பட்டுள்ளது என்னும் கூற்று, பாடல் எண் சுட்டப்படாமலேயே மருத்துவக் கட்டுரைகள் பலவற்றில் வழிவழியாக எடுத்தாளப்படுகிறது. மூலம் காட்டப்படாத கூற்றைச் சான்றாகக் கொள்வது ஆய்வுநெறி ஆகாது. சுசுருத சங்கிதையின் வருணனையும் பாதத்திற்கு மட்டும் உரியதன்று. கழுத்தையும் மூட்டுகளையும் உட்படுத்துவது. ஆகவே வல்மீகம் என்னும் பழம்பெயர் இன்று நாம் பல நோய்களாகப் பிரிப்பனவற்றைத் தன்னுள் அடக்கியிருக்கலாம் என்றும், மதுரைக்கால் நோய் அவற்றுள் ஒன்றாக இருந்திருக்க இடமுண்டு என்றும் கொள்வதே பொருத்தமாகும்.

எனினும் அப்பெயரின் உவமை நுட்பம் போற்றத்தக்கது. புற்று மேலே பல வாய்களை உடையது. உள்ளே அவ்வாய்கள் ஒன்றோடொன்று தொடர்புடையன. மதுரைக்கால் நோயில் தோலின் துளைகளும் உள்ளே ஒன்றோடொன்று இணைந்த புரைவழிகளே. உடலை அறுத்து நோக்கும் வழக்கம் அருகிய காலத்தும், புறத்தோற்றத்தைக் கொண்டு உள்ளமைப்பை உணர்த்தும் சொல்லைப் பழம் மருத்துவர் கண்டனர். தமிழில் 'புற்று' என்னும் சொல் இன்று வேறொரு கொடிய நோயின் பெயரில் நிலைபெற்றிருப்பதும் இவ்வுவமை வழியின் ஆற்றலைக் காட்டும். ஆனால் உவமை நோயின் வடிவத்தைக் கூறுமேயன்றி அதன் முதலைக் கூறாது. தோற்றத்தால் பெயரிடும் முறையின் எல்லை இதுவாகும்.

ஐரோப்பியர் எழுத்துகளில் தென்னாட்டுப் பாதநோய்கள் இடம்பெறுவதை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் காண்கிறோம். கிழக்கு நாடுகளில் நெடும்பயணம் செய்த செருமானிய மருத்துவர் எங்கல்பெர்ட் கெம்ஃபர், 1694இல் லெய்டன் பல்கலைக்கழகத்திற்கு அளித்த ஆய்வேட்டிலும், 1712இல் வெளிவந்த தம் இலத்தீன் நூலிலும் மலபார்ப் பகுதியின் கால்வீக்கம் ஒன்றைப் 'பெரிகால்' என்ற பெயரில் விளக்கினார். இது தென்னாட்டு வழக்காகிய 'பெருங்கால்' அல்லது 'பெருக்கால்' என்பதன் ஒலிபெயர்ப்பாகக் கொள்ளத்தக்கது. கெம்ஃபர் கண்டது பெரும்பான்மையும் யானைக்கால் நோயே என்பர். மதுரைக்கால் நோயும் அதனுள் கலந்திருக்கலாம் எனக் கருதுவோரும் உளர். பெருத்த கால் என்னும் ஒரே தோற்றத்தின்கீழ், கொசுவால் பரவும் யானைக்கால் நோயும் முள்ளால் புகும் மதுரைக்கால் நோயும் ஒன்றாக எண்ணப்பட வாய்ப்பிருந்தது என்பதற்கு இது தக்க சான்று.

இடத்தால் பெயர்: மதுரை மருந்தகம்

நோய் தனித்த ஒன்றாக இனங்காணப்பட்டது 1842இல் ஆகும். மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய ஜான் கில் என்னும் மருத்துவர், அங்கு வந்த நோயாளிகளிடம் கண்ட பாதக்கட்டியை அறிக்கையாக எழுதினார். யானைக்காலினின்றும் பிற புண்களினின்றும் இது வேறுபட்டது என்பது அவ்வறிக்கையால் தெளிவாயிற்று. 1846இல் கோல்புரூக் என்பவர் அதே மருந்தகத்திலிருந்து எழுதியபோது 'மதுரா ஃபுட்' என்னும் பெயரைக் கையாண்டார். அதே ஆண்டில், அன்று சென்னை மாகாணத்தில் இருந்த பெல்லாரியிலிருந்து காட்ஃப்ரே என்பவர், இதுவரை விவரிக்கப்படாத பாதநோய் எனக் குறித்து 'லான்செட்' இதழில் எழுதினார். பெல்லாரியில் கண்டவரும் இந்நோயைப் புதிதாகவே கண்டார். ஆயின் பெயர் மதுரைக்கே நிலைத்தது.

அன்று 'மதுரா' என்று ஆங்கிலேயர் எழுதியது இன்றைய மதுரை நகரை மட்டும் குறித்ததன்று. திண்டுக்கல்லும், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய நிலக்கிழமைகளும் அடங்கிய பெரிய மாவட்டம் அது. 1910இல்தான் இராமநாதபுரம் தனி மாவட்டமாயிற்று. நோயாளிகள் ஊர்ப்புற உழவர்கள். மருந்தகமோ நகரில் இருந்தது. நோய் வாழ்ந்த இடம் ஊர்களின் நிலம். நோய் எழுதப்பட்ட இடம் மதுரை மருந்தகம். ஆகவே நோய் பெற்றது அது தோன்றிய இடத்தின் பெயரை அன்று, அது பதிவான இடத்தின் பெயரையே எனலாம்.

இடப்பெயர் ஒரு காரணத்தையும் குறிப்பாக உணர்த்துகிறது. மதுரையின் நோய் என்றால் மதுரையின் மண்ணிலோ, நீரிலோ, மக்களின் வாழ்முறையிலோ அதன் முதல் இருக்க வேண்டும் என எண்ணத் தோன்றும். கரிசல் மண்ணோடு இந்நோயைத் தொடர்புபடுத்தும் எண்ணம் 19ஆம் நூற்றாண்டு மருத்துவ எழுத்துகளில் இடம்பெற்றது இவ்வழியிலேயே ஆகும். அவ்வெண்ணம் முழுத்தவறு அன்று. நோய்க்கிருமி மண்ணில் வாழ்வது உண்மையே. ஆனால் மண் நோய்க்கு இடமாகுமேயன்றி நோயின் முதல் ஆகாது. இடத்தையும் முதலையும் பிரித்தறியாத நிலையில், மருத்துவர் செய்யக்கூடியதாக இருந்தது பெரும்பாலும் ஒன்றே: நோயுற்ற காலை வெட்டி நீக்குதல்.

காரணத்தால் பெயர்: கார்ட்டரின் பம்பாய் ஆய்வுகள்

காரணம் காணும் முயற்சியின் மையம் மதுரையிலிருந்து பம்பாய்க்கு மாறியது. ஹென்றி வான்டைக் கார்ட்டர் (1831–1897) 1858இல் இந்திய மருத்துவப் பணியில் பம்பாய் வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் ஆசிரியரானார். அதே ஆண்டில் இலண்டனில் வெளிவந்து இன்றுவரை மருத்துவ மாணவர் பயிலும் கிரேயின் உடற்கூற்று நூலுக்குப் படங்கள் வரைந்தவர் இவரே. வரைவோனுக்குரிய கூர்ந்த பார்வை, பாதநோய் ஆய்விலும் அவருக்குத் துணைநின்றது.

வெட்டி நீக்கப்பட்ட பாதங்களைக் கார்ட்டர் அறுத்து நோக்கினார். உள்ளிருந்த குருணைகளை நுண்ணோக்கியின்கீழ் வைத்தார். குருணைகளில் பூஞ்சையின் இழைகளை ஒத்த அமைப்புகள் இருப்பதைக் கண்டு, 1860இல் பம்பாய் மருத்துவ – இயற்பியல் கழகத்தின் வெளியீட்டில் கட்டுரை எழுதினார். இந்தியாவின் பல பகுதிகளில் நிலைகொண்ட ஒரு பூஞ்சை நோய் என அவர் இதனைக் குறித்தார். 'பூஞ்சைக் கட்டி' எனப் பொருள்படும் 'மைசெட்டோமா' என்னும் பெயரையும் அவரே அமைத்தார். 1874இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூல், பதினைந்து ஆண்டுக்கால உழைப்பின் தொகுப்பாக விளங்கியது.

இப்பெயர் மாற்றம் அடிப்படையானது. 'பாதவல்மீகம்' நோயின் வடிவத்தைச் சொன்னது. 'மதுரா ஃபுட்' நோய் காணப்பட்ட இடத்தைச் சொன்னது. 'மைசெட்டோமா' நோயின் முதலைச் சொன்னது. மேலும், மதுரைக்கு மட்டும் உரிய நோயாக எண்ணப்பட்டது இந்தியாவின் பல பகுதிகளுக்கும் உரியது என்பது கார்ட்டரின் ஆய்வால் உறுதியாயிற்று.

கார்ட்டர் மற்றொன்றையும் கண்டார். எல்லா நோயாளிகளின் குருணைகளும் ஒரே நிறத்தன அல்ல. சிலரிடம் வெடிமருந்துத் தூளை ஒத்த கருங்குருணைகள். சிலரிடம் மீன்சினையை ஒத்த வெளிர்நிறக் குருணைகள். மிக அரிதாகச் செந்நிறக் குருணைகள். கருவகை, வெளிர்வகை என நோயை அவர் பிரித்தெழுதினார். ஆயினும் இருவகைக்கும் முதல் ஒன்றே என்னும் எண்ணத்திலிருந்து அவர் எளிதில் விலகவில்லை. நிறவேறுபாடு என்னும் இச்சிறு குறிப்பே பின்னர் இச்சிக்கலை அவிழ்த்தது.

ஐயமும் மறுப்பும்

கார்ட்டரின் கொள்கை எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. நோயுற்ற பாதங்களைப் பாதுகாத்து வைத்திருந்த கலன்களில் செந்நிறப் பூஞ்சை ஒன்று வளர்ந்தது. இங்கிலாந்தின் பூஞ்சையியல் அறிஞர் மைல்ஸ் ஜோசப் பெர்க்லி அதற்குக் கார்ட்டரின் பெயரையும் இணைத்து 'கியோனிஃபே கார்ட்டெரி' எனப் பெயரிட்டார். இதுவே நோயின் முதல் எனச் சில காலம் எண்ணப்பட்டது. ஆனால் அது புறத்தேயிருந்து வந்து கலனில் படிந்த பூஞ்சை என்பது பின்னர்த் தெரியவந்தது.

1875இல் கல்கத்தாவிலிருந்து திமோத்தி லூயிஸ், டி. டி. கன்னிங்காம் ஆகிய இருவரும் விரிவான அறிக்கை ஒன்றை வெளியிட்டனர். பூஞ்சையே இந்நோய்க்கு முதல் என்பது மெய்ப்பிக்கப்படவில்லை என்பது அவர்கள் முடிவு. இவர்கள் அறியாமையால் மறுத்தவர்கள் அல்லர். 1872இல் மனிதக் குருதியில் யானைக்கால் நோயின் நுண்புழுவைக் கண்டு உலகுக்கு அறிவித்தவர் இதே லூயிஸ். நோயுற்ற திசுவில் ஓர் உயிரி காணப்படுவதாலேயே அவ்வுயிரி நோயின் முதல் ஆகிவிடாது என்னும் அவர்களது வாதம் அளவை நெறிப்படி சரியானது. உடனிருத்தல் வேறு, காரணமாதல் வேறு. இவ்வேறுபாட்டைச் சோதித்தறியும் கருவி அந்நாளில் இல்லை. திடமான ஊடகத்தில் தனிக்கிருமியைப் பிரித்து வளர்க்கும் முறையை ராபர்ட் கோக் 1881இல் வெளிப்படுத்திய பின்னரே அது வாய்த்தது.

ஆகவே கார்ட்டருக்கும் லூயிசுக்கும் இடையே நிகழ்ந்த கருத்துவேறுபாட்டை, வென்றோர் தோற்றோர் கதையாக எழுதுதல் பொருந்தாது. முடிவு கார்ட்டருடையது, அம்முடிவுக்குத் தேவைப்பட்ட மெய்ப்பிப்பின் அளவைச் சுட்டியவர்கள் லூயிசும் கன்னிங்காமும். இருசாராரும் இன்றேல் அடுத்த தலைமுறையின் ஆய்வு சரியான வினாவுடன் தொடங்கியிராது.

ஒரு தோற்றம், இரு முதல்கள்

1877இல் செருமனியில் மாடுகளின் தாடைக்கட்டி நோய்க்குக் காரணமான நுண்ணிழை உயிரி 'ஆக்டினோமைசிஸ்' எனப் பெயரிடப்பட்டது. அந்நோயிலும் சீழில் குருணைகள் காணப்பட்டன. மதுரைக்கால் நோயின் வெளிர்நிறக் குருணைகள் அவற்றை ஒத்திருப்பதை 1890களின் தொடக்கத்தில் ஆல்ஃபிரடோ கான்தக் எடுத்துக்காட்டினார். 1894இல் ரூபர்ட் பாய்சும், பம்பாயைச் சேர்ந்த நசர்வான்ஜி ஃபகிர்ஜி சர்வேயரும் இணைந்து அரச கழகத்தின் வெளியீட்டில் எழுதிய கட்டுரை, மதுரை நோயில் ஒன்றுக்கு மேற்பட்ட உயிரிகள் உள்ளன என்பதை உறுதிப்படுத்தியது. இந்திய மருத்துவ ஆய்வாளர் ஒருவரின் பங்கு இவ்வரலாற்றின் திருப்புமுனையில் அமைந்திருப்பது குறிக்கத்தக்கது.

அதே 1894இல், அல்சீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சு மருத்துவர் வின்சென்ட், அந்நாட்டு நோயாளி ஒருவரின் வெளிர்நிறக் குருணையிலிருந்து நுண்ணுயிரியைத் தனியே வளர்த்துக் காட்டினார். அதற்கு அவர் இட்ட பெயரின் பின்னொட்டு 'மதுரே'. 1898இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ஹோமர் ரைட் கருங்குருணையிலிருந்து உண்மைப் பூஞ்சை ஒன்றை வளர்த்தார். கருங்குருணைப் பூஞ்சையை 1905இல் பிரெஞ்சு ஆய்வாளர் புரும்ப்ட் 'மதுரெல்லா' என்னும் பேரினத்தில் அடக்கினார். 1913இல் பினாயும், 1916இல் கார்ட்டூம் நகரிலிருந்து சால்மர்சும் ஆர்ச்சிபால்டும் நோயை இரண்டாகப் பகுத்தனர். உண்மைப் பூஞ்சையால் வருவது ஒன்று. 'ஆக்டினோமைசிட்டு' என்னும் நுண்ணிழை உயிரிகளால் வருவது மற்றொன்று. பின்னவை பூஞ்சைகள் அல்ல, பாக்டீரியாக்களே என்பது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் முற்றிலும் தெளிவாயிற்று. வின்சென்ட் கண்ட உயிரி 1970இல் 'ஆக்டினோமதுரா' என்னும் பேரினத்தில் சேர்க்கப்பட்டது.

இதனால் ஒரு முரண் விளைந்தது. அல்சீரிய நோயாளியிடம் கண்ட பாக்டீரியாவும், சூடானில் மிகுதியாகக் காணப்படும் கரும்பூஞ்சையும் மதுரையின் பெயரையே தாங்குகின்றன. 'பூஞ்சைக் கட்டி' எனக் கார்ட்டர் இட்ட காரணப்பெயரோ, பூஞ்சையல்லாத பாக்டீரியாவால் வரும் நோய்க்கும் வழங்குகிறது. காரணத்தால் அமைந்த பெயரும் அறிவு வளருந்தோறும் திருத்தம் வேண்டி நிற்கும் என்பதற்கு இது சான்றாகும். இன்று பூஞ்சை வகை 'யூமைசெட்டோமா' என்றும் பாக்டீரியா வகை 'ஆக்டினோமைசெட்டோமா' என்றும் பிரித்து வழங்கப்பெறுகின்றன.

முதலறிதலின் பயன்

இப்பாகுபாடு பெயரளவில் நிற்பதன்று. ஒருவரின் கால் நிலைப்பதும் நீங்குவதும் இதனைச் சார்ந்துள்ளன. பாக்டீரியா வகை மருந்துக்கு இணங்குவது. 1940களுக்குப் பின் சல்ஃபா மருந்துகளும் டாப்சோனும் இதற்குப் பயன்பட்டன. 1987இல் மெக்சிகோ நாட்டு மருத்துவர் வெல்ஷும் அவர் குழுவினரும் அமிக்காசின், கோட்ரைமாக்சசோல் ஆகிய மருந்துகளை இணைத்துத் தரும் முறையை வெளியிட்டனர். பூஞ்சை வகையோ எளிதில் இணங்காது. இட்ராகொனசோல் போன்ற பூஞ்சைக்கொல்லிகளைத் திங்கள் கணக்கில் உட்கொள்ள வேண்டும். பெரும்பாலும் அறுவையும் தேவைப்படும். முதல் அறியாது பூஞ்சைக்குரிய மருந்தைப் பாக்டீரியா வகைக்குத் தருவதும், மருந்தால் தீரக்கூடிய நோய்க்குக் காலை நீக்குவதும் தடுக்கத்தக்க கேடுகளாகும்.

முதலை அறியும் வழிகளில் கார்ட்டர் குறித்த குருணையின் நிறம் இன்றும் முதற்குறிப்பாகப் பயன்படுகிறது. கருங்குருணை பூஞ்சை வகையையும், செங்குருணை பாக்டீரியா வகையையும் காட்டும். வெளிர்நிறக் குருணை இரண்டிலும் வரக்கூடியதாகலின், அங்கு நிறத்தை மட்டும் நம்புதல் கூடாது. நுண்ணோக்கியின்கீழ்ப் பருத்த இழை பூஞ்சையையும் மெல்லிய இழை பாக்டீரியாவையும் உணர்த்தும். திசுத்துண்டை ஆய்தலும், குருணையை ஊடகத்தில் வளர்த்தலும், மரபணுவைச் சோதித்தலும் முடிவை உறுதிசெய்யும். எலும்பின் அரிப்பை எக்ஸ் கதிர்ப் படமும், குருணைகளின் இருப்பையும் பரவலையும் மிகையொலிப் படமும் காந்த அதிர்வுப் படமும் காட்டும். காசநோயாலோ வேறு கிருமிகளாலோ எலும்பில் சீழ் பிடித்தலும் இந்நோயைப் போலவே தோன்றுமாதலின், புறத்தோற்றத்தோடு நின்றுவிடுதல் இன்றும் தவறான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

இந்தியாவிற்குள்ளும் இவ்வேறுபாடு இடந்தோறும் மாறுகிறது. தென்னிந்தியாவில் பாக்டீரியா வகை மிகுதி. இராசத்தானின் வறண்ட பகுதிகளில் பூஞ்சை வகை குறிப்பிடத்தக்க அளவில் காணப்படுகிறது. மதுரையின் பெயரைத் தாங்கிய நோய், அப்பெயர் தோன்றிய தென்னாட்டில் பெரும்பாலும் மருந்தால் தீரும் வகையினதே என்பது, முன்னாளில் இழக்கப்பட்ட கால்களை எண்ணும்போது வருத்தம் தருவதாகும்.

பெயரின் பொறுப்பு

ஒரு நகரின் பெயரை நோய்க்கு இடுதல் தகுமா என்னும் வினாவும் இங்கு எழுகிறது. 2015இல் உலகச் சுகாதார நிறுவனம், புதிய தொற்றுநோய்களுக்கு ஊர்ப்பெயர், மக்கட்பெயர் ஆகியவற்றை இடலாகாது என அறிவுறுத்தியது. 2016இல் உலகச் சுகாதாரப் பேரவை இப்பாதநோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களுள் ஒன்றாக ஏற்றபோது, தீர்மானத்தில் இடம்பெற்றது 'மைசெட்டோமா' என்னும் பெயரே. 1842இல் இனங்காணப்பட்ட நோய், உலக அளவில் கவனத்திற்குரியதாக ஏற்கப்பட 174 ஆண்டுகள் ஆயின.

மதுரை என்னும் பெயரால் தமிழர்க்கு இழிவு வந்தது எனக் கொள்ள வேண்டுவதில்லை. ஆனால் இடப்பெயர், நோயை ஓரிடத்திற்கு உரியதாக ஆக்கிப் பிற இடங்களில் அதனை மறைக்கிறது. சூடான், மெக்சிகோ, செனகல், சோமாலியா ஆகிய நாடுகளின் உழவரும் இந்நோயால் துன்புறுகின்றனர். 1991இல் கார்ட்டூமில் நிறுவப்பெற்ற மைசெட்டோமா ஆய்வு மையம் அவர்களுள் பலருக்குப் புகலிடமாய் இருந்தது. வாரம் ஒருமுறை உட்கொள்ளும் புதிய பூஞ்சைக்கொல்லியாகிய ஃபொஸ்ராவுகொனசோல் அங்குதான் நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. அதன் முடிவுகள் 2024இல் வெளிவந்தன. 2023 ஏப்ரலில் தொடங்கிய சூடான் போரில் அம்மையம் அழிந்தது என்ற செய்தி 2025இல் வெளியாயிற்று. பல்லாண்டுகளாகத் திரட்டிய மாதிரிகளும் பதிவுகளும் அதனோடு அழிந்தன. கலனில் வைத்துக் காத்த பாதங்களிலிருந்து கார்ட்டர் தொடங்கிய ஆய்வுமரபில், மாதிரிகளின் இழப்பு எத்தகைய இழப்பு என்பதைத் தனியே விளக்க வேண்டுவதில்லை.

தொகுப்புரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன பின்வருமாறு:

1. மதுரைக்கால் நோயின் பெயர்கள் தோற்றம், இடம், காரணம் என்னும் மூன்று நிலைகளைக் கடந்துள்ளன. ஒவ்வொரு பெயரும் அக்காலத்து நோயறிவின் எல்லையைக் காட்டுகிறது.

2. தோற்றத்தால் அமைந்த 'வல்மீகம்', 'பெருங்கால்' ஆகிய பெயர்கள் நுட்பமான நோக்கைக் காட்டினும், பல நோய்களை ஒன்றாக எண்ண இடந்தந்தன. பழம்பெயரை இன்றைய நோயுடன் பொருத்தும்போது சான்றின் அளவை மீறலாகாது.

3. இடத்தால் அமைந்த பெயர் நோயைத் தனித்து இனங்காண உதவியது. ஆனால் மருந்தகம் இருந்த ஊரை நோயின் ஊராக ஆக்கியது.

4. காரணத்தால் அமைந்த பெயரும் முடிந்த முடிபு அன்று. கார்ட்டர் கண்ட நிறவேறுபாடு, ஒரு தோற்றத்திற்குப் பின்னே இரு முதல்கள் உள்ளன என்பதை வெளிப்படுத்த மேலும் 30 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

5. மருத்துவ அறிவில் முதலறிதல் நிறைவுற்ற பின்னும், நோயாளியைப் பொறுத்தவரை அது நிறைவுறவில்லை. வலியில்லாத வீக்கத்தைப் பொருட்படுத்தாது செல்லும் உழவர், குருணையை நுண்ணோக்கியில் காணும் வசதியற்ற மருத்துவமனை ஆகிய இரண்டும் உள்ளவரை, காரணம் அறியப்பட்ட நோய்க்கும் கால் இழக்கப்படும்.

தமிழ்த் துறைகள் மருத்துவக் கலைச்சொற்களை ஆராயும்போது சொல்லின் செப்பத்தை மட்டும் நோக்குதல் போதாது. ஒரு பெயர் நோயாளியைச் சரியான மருத்துவரிடம் சரியான காலத்தில் கொண்டுசேர்க்கிறதா என்பதும் அளவுகோலாக வேண்டும். அவ்வகையில் 'வலியில்லாக் கால்வீக்கத்தையும் காட்டுக' என்னும் எளிய தமிழ் அறிவுரை, ஊர்ப்புற மருத்துவ நிலையங்களில் எழுதிவைக்கத் தக்கதாகும்.